பாட்டில் ஏறிய பெயர்

பிரஸ்ஸல்ஸின் காங்கோக்காரர் பேட்டையான மத்தோங்கேயில் அல்ஃபோன்சின் பொலும்புவை நேரில் பார்த்திராதவர்களுக்கும் அவள் பெயர் தெரியும். பாடகன் ஷெவாலியே எபாலேயின் பாட்டொன்றில் அது வருகிறது. ஏழு நிமிடப் பாட்டு. முதல் மூன்று நிமிடம் காதலும் கண்ணீருமாகப் போகும். அப்புறம் கிதார் வேகம் பிடிக்கும், மேளம் இறங்கும், ஆடுகிறவர்கள் சட்டைக் கையை மடித்துக்கொள்வார்கள். அந்த இடத்தில்தான் எபாலே ஒவ்வொரு பெயராகக் கூவுவான். இன்ன வைர வியாபாரி, இன்ன கர்னல், இன்ன மேயரின் மகள்.

நம் காங்கோப் பாட்டுக்காரர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான் இது. பேர் போடக் காசு வாங்குவார்கள். காசு கொடுத்தவன் தன் பெயரோடு நிறுத்த மாட்டான். மனைவி, மச்சான், கூடச் சுற்றுகிறவன் என்று நாலைந்து பேரைச் சேர்த்துக் கூவச் சொல்வான். அதனால் பாட்டில் பக்கத்துப் பக்கத்தில் வருகிற பெயர்களெல்லாம் ஒரே கூட்டம் என்றுதான் கேட்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

"பசில் முஹிண்டோ, கோமாவின் வலது கை! அல்ஃபோன்சின் பொலும்பு, பிரஸ்ஸல்ஸின் விளக்கு!"

பன்னிரண்டு வருடமாக இந்த இரண்டு பெயரும் ஒரே மூச்சில் ஒலித்துக்கொண்டிருந்தன. முஹிண்டோ யார் என்று அல்ஃபோன்சினுக்குத் தெரியாது. கிழக்குக் காங்கோவின் கோமா நகரத்தில் பெட்ரோல் விற்கிறவன் என்று யாரோ சொன்னார்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்காருகிறவனின் பூர்வீகத்தையா விசாரிக்கிறோம்?

அவள் பிறந்தது காங்கோவின் ம்பண்டாக்காவில், பெரிய ஆற்றின் கரையில். இருபத்துமூன்றாவது வயதில் ஒரு கல்யாணத்துக்கென்று பிரஸ்ஸல்ஸுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. குடியிருப்புக் காகிதமில்லாமல் ஆறு வருடம். விடியுமுன் ஐரோப்பிய அலுவலகங்களின் தரையைத் துடைத்தாள். பகலில் பழைய குடியிருப்பொன்றின் படிக்கட்டில் நாற்காலி போட்டு, தெரிந்த பெண்களுக்குத் தலை பின்னினாள். அவள் விரல் போகிற வேகத்தைப் பார்த்துவிட்டு ஒருத்தி மற்றொருத்தியிடம் சொல்ல, படிக்கட்டில் வரிசை நின்றது. பிறகு காகிதம் கிடைத்தது. மத்தோங்கேயில், நமூர் வாசல் என்கிற சந்திப்புக்குப் பக்கத்துத் தெருவில் மூன்று நாற்காலி போடுகிற அகலத்தில் ஒரு கடை கிடைத்தது. தியூதொனேவும் கிடைத்தான்.

தியூதொனே விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற தொழிலாளி. அதிகம் பேச மாட்டான். பேசினாலும் பாதியில் நிறுத்திவிட்டுச் சிரிப்பான். இரண்டு முறை கரு தங்கி, தங்காமல் போனது. அதற்கப்புறம் இருவருமே எதிர்பார்ப்பதை விட்டுவிட்டார்கள். ஆனால் சண்டையில்லாத வீடு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, அவன் மரவள்ளிக் கீரை இடிப்பான், அவள் உப்புக்கருவாட்டைத் தண்ணீரில் ஊறப்போடுவாள்.

அந்தப் பாட்டு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், எபாலே கச்சேரிக்கு பிரஸ்ஸல்ஸ் வந்த ஈஸ்டர் வாரத்தில், அவனுடைய பெட்டி வந்து சேரவில்லை. பதினோரு சூட்டும் ஏழு ஜோடி ஷூவும் அதில் இருந்தன. சூட்டில்லாமல் மேடை ஏறினால் காங்கோக்காரன் சிரிப்பான் என்று எபாலே ஹோட்டல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். கச்சேரி நடத்துகிறவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். இது தியூதொனேவின் காதில் விழுந்தது. அன்று அவனுக்கு விடுமுறை. விமான நிலையத்துக்குப் போனான், சீட்டு அறுந்து சொந்தக்காரர் தெரியாமல் குவிந்துகிடந்த பெட்டிகளுக்குள் தேடினான், கண்டுபிடித்து ரயிலிலும் டிராமிலும் தூக்கிவந்து அரங்கின் பின்வாசலில் வைத்தான்.

எபாலே அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, மானத்தக் காப்பாத்திட்டீங்க. என்ன வேணும், கேளுங்க."

தியூதொனே தலையைச் சொறிந்தான். "அடுத்த பாட்டுல என் வீட்டுக்காரி பேர ஒரு தரம் சொல்லிருங்க."

"உங்க பேரு?"

"என் பேரு எதுக்கு? அவ பேரு போதும்."

இப்படித்தான் அந்தப் பெயர் பாட்டில் ஏறியது. முஹிண்டோவின் கூட்டத்துப் பெயர்கள் முடிகிற இடத்தில் எபாலே அதைச் செருகினான். அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை.

நான்கு வருடம் முன்பு தியூதொனே சிறுநீரகம் கெட்டு இறந்துபோனான். அவன் போன பிறகு அல்ஃபோன்சின் கடையின் பெயர்ப்பலகையை மாற்றினாள். 'பாரிஸ் அழகு' என்று இருந்தது போய், 'அல்ஃபோன்சின் பொலும்பு' என்று முழுப் பெயரும் மஞ்சள் எழுத்தில் ஏறியது. எங்கே போனாலும், யார் வீட்டு விசேஷத்திலும், பாட்டில் அந்த இடம் வரும்போது கூட்டம் அவள் பக்கம் திரும்பும். பிள்ளை குட்டி இல்லாதவளுக்கு, பூட்டி வைக்க நகை இல்லாதவளுக்கு, புருஷன் வைத்துவிட்டுப் போன ஒரே சொத்து அதுதான்.

ஜனவரிக் கடைசியில் கோமா விழுந்தது.

அண்டை நாடு முட்டுக்கொடுக்கிற கலகப்படை ஊருக்குள் நுழைந்துவிட்டது என்று விடிகாலையில் செய்தி வந்தது. அன்றிலிருந்து மத்தோங்கேயில் யாரும் யாரிடமும் நல்லபடியாகப் பேசவில்லை. காய் விற்கிறவள் தராசைப் பிடித்தபடியே போனைப் பார்த்தாள். கோமாவில் தெருவோரமாகக் கிடக்கிற உடல்களின் படங்களை ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குக் கடத்திக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் அந்த அண்டை நாட்டின் தூதரகத்தின் முன்னால் கூட்டம் கூடியது, பாடியது, கலைந்தது. மூன்றாம் நாள் கல் பறந்தது. ஐரோப்பா பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறது என்று கோபம். அந்தக் கோபத்தில் தப்பில்லை. ஆனால் ஐரோப்பா இருக்கிற கட்டடத்தைச் சுற்றிப் போலீஸ் நிற்கிறது. கைக்கு எட்டுவது நம் தெருக் கண்ணாடிதான்.

வியாழக்கிழமை ஒரு படம் வந்தது. கோமா விளையாட்டு மைதானத்தில் கலகப்படை கூட்டம் போட்டிருந்தது. முதல் வரிசையில் வெள்ளை சூட்டில் ஒருவன் கை தட்டிக்கொண்டிருந்தான். பசில் முஹிண்டோ. அன்று மாலைக்குள் யாரோ எபாலே பாட்டில் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி, மைதானப் படத்தோடு அல்ஃபோன்சின் கடையின் மஞ்சள் எழுத்துப் பெயர்ப்பலகையையும் ஒட்டி அனுப்பிவிட்டார்கள். கீழே எழுதியிருந்தது: 'துரோகியின் பணம் இங்கே தலை பின்னுகிறது.'

சனிக்கிழமை காலை மெர்வேய் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுபத்தொன்றாம் நம்பர் பஸ் ஓட்டுகிறவள். முப்பத்தைந்து வயது, வாய் மட்டும் அறுபது.

"யக்கா, உன் புருஷன் மைதானத்துல உக்காந்திருக்கானாமே? வெள்ளை சூட்டெல்லாம் அமர்க்களமா இருக்கு. எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"தலைய ஆட்டாத."

"இல்ல, ரெண்டாங் கல்யாணத்துக்கு ஒரு பத்திரிகையாவது வெச்சிருக்கலாம்."

"வாயக் கட்டுறியா, இல்ல சவுரியால கட்டட்டுமா?"

மெர்வேய் சிரித்தாள். அல்ஃபோன்சினுக்குச் சிரிப்பு வரவில்லை. வியாழன் இரவிலிருந்து அவள் போனில் முகம் தெரியாதவர்கள் திட்டிக்கொண்டே இருந்தார்கள். கடையை மூடிவிடலாமா என்று யோசித்தாள். மூடினால் குற்றவாளி ஓடிவிட்டாள் என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மெல்லிய பின்னல், ஆறு மணி நேர வேலை. இடது பாதி முடிந்து, வலது பக்கம் வகிடு எடுக்கிறபோது விசில் சத்தம் கேட்டது. ஊர்வலம் ஐரோப்பியக் கட்டடங்களுக்குப் போவதாகத்தான் இருந்தது. நமூர் வாசலில் போலீஸ் குறுக்கே நின்று திருப்பிவிட்டது. திரும்பின கூட்டம் நேராகத் தெருவுக்குள் இறங்கியது. முதலில் பாட்டு, பிறகு வெடிச்சத்தம், பிறகு கண்ணைக் கரிக்கிற புகை. எதிரே கருவாட்டுக் கடைக்காரர் ஷட்டரை இழுத்தார். அல்ஃபோன்சினும் ஓடிப்போய் இழுத்தாள். பாதியில் சிக்கிக்கொண்டது. ஒரு வருடமாகவே அதற்கு அந்த வியாதி.

"மெர்வேய், பின்பக்கமா நீ போயிரு."

"இந்தத் தலையோடயா? ஒரு பக்கம் மனுஷி, ஒரு பக்கம் புதரு. போலீஸ்காரன் பயந்து சுட்டுருவான்க்கா."

மூன்று கடை தள்ளி, அந்த அண்டை நாட்டின் தலைநகரமான கிகாலிக்கு டிக்கெட் விற்கிற கடையொன்று இருந்தது. அதன் கண்ணாடி சரிந்த சத்தம் தெருவெல்லாம் கேட்டது. அப்புறம் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"பொலும்பு! வெளிய வா!"

"முஹிண்டோ பொண்டாட்டி! பெட்ரோல் ராணி!"

"ஒரு பேருக்கு எத்தன லிட்டரு குடுத்தான்? எங்க ஸ்கூட்டருக்கும் கொஞ்சம் ஊத்து!"

சிரிப்பு எழுந்தது. சிரிப்புக்குப் பின்னால் கற்கள் இருப்பது தெரிந்தது. அல்ஃபோன்சின் சீப்பைக் கையில் பிடித்தபடியே குனிந்து ஷட்டருக்கு வெளியே வந்தாள். ஐம்பது அறுபது பேர். தோளில் காங்கோவின் நீலக்கொடி, முகத்தில் துணி. முன்னால் நின்றவன் மட்டும் முகத்தை மூடவில்லை. ஜெரெமி. அவனுடைய அம்மா இருபது வருட வாடிக்கை. சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறான், போனில் பேசிப் படம் போடுவான், ஆயிரக்கணக்கானவர்கள் பார்ப்பார்கள். அவன் கண்கள் சிவந்திருந்தன. புகையால் மட்டும் அப்படிச் சிவக்காது.

"அத்தே, பயப்படாதீங்க," என்றான் தாழ்ந்த குரலில். "ரெண்டே வார்த்த. போன்ல சொல்லிட்டீங்கன்னா போயிருவோம்."

"என்ன வார்த்த?"

"பாட்டுல வர்ற பேரு என்னோடது இல்ல. முஹிண்டோவ எனக்குத் தெரியாது. எபாலே ஒரு துரோகி. காங்கோ வாழ்க. முடிஞ்சுது."

"முஹிண்டோவத் தெரியாதுங்கறது சத்தியம். அத எத்தன தடவ வேணாலும் சொல்றேன். எபாலே துரோகியா இல்லியா, எனக்கென்ன தெரியும்? அதையும் வேணா சொல்லித் தொலைக்கிறேன். பேரு என்னோடதுதானடா? போர்டுல எழுதியிருக்கே!"

"பாட்டுல இருக்கறது வேற யாரோ அல்ஃபோன்சின். கின்ஷாசாவுல எத்தனையோ பேரு இருக்காங்க. அப்படிச் சொன்னாத்தான் இது தீரும்."

"அது உங்க மாமா வாங்கிக் குடுத்ததுடா. பெட்டியத் தேடிப் போயி, தலையில தூக்கிட்டு வந்து..."

"அத்தே! இங்க கத கேக்கற நிலைமையில யாரும் இல்ல. எங்கக்கா கோமாவுல இருக்கா. அஞ்சு நாளா போனு அடிக்கல. பின்னாடி நிக்கறவங்கள ரொம்ப நேரம் என்னால பிடிச்சு வெக்க முடியாது. பாத்துக்குங்க."

பின்னால் ஒருவன் இரும்புக் குப்பைத்தொட்டியின் மூடியை உருட்டிக்கொண்டு வந்தான். அல்ஃபோன்சின் திரும்பிப் பார்த்தாள். ஷட்டருக்கு அடியில் மெர்வேயின் கால்கள் தெரிந்தன. அவளுக்குப் பக்கத்தில், பின்னல் நுனியை முக்கி எடுப்பதற்காக அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கிற தண்ணீர். மூன்று நாற்காலி, கண்ணாடிகள், பதினெட்டு வருடம்.

அவள் சொன்னாள். ஜெரெமி நீட்டிய போனைப் பார்த்து, அவன் சொன்ன வரிசையில், ஒரு சொல் விடாமல் சொன்னாள். "பாட்டுல வர்ற பேரு என்னோடது இல்ல." குரல் நடுங்கவில்லை. அதுதான் பிற்பாடு அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

கூட்டம் விசில் அடித்தது. ஒருவன் "சபாஷ் அம்மா!" என்றான். இன்னொருவன் தன் தோளிலிருந்த கொடியை எடுத்து ஷட்டர் கைப்பிடியில் கட்டினான். குப்பைத்தொட்டி மூடி அடுத்த தெருவுக்கு உருண்டது. கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு கார் எரிந்தது.

உள்ளே வந்து மெர்வேயின் தலையில் சீப்பை வைத்து இழுத்தாள். வகிடு கோணிக்கொண்டு போனது.

"கோணலாவே இருக்கட்டும்க்கா," என்றாள் மெர்வேய். அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் அந்த வாய் திறக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகக் கிளம்புகையில் ம்பண்டாக்காவிலிருந்து வெரோனிக் கூப்பிட்டாள். தியூதொனேவின் அக்கா. தாயில்லாத தம்பியை முதுகில் கட்டி வளர்த்தவள்.

"பாத்தேன்," என்றாள்.

"அக்கா, கடை முன்னாடி கூட்டம் கல்லோட..."

"பேரு உன்னோடது இல்லியாமே?"

"அக்கா, ஒருத்தி பாதித் தலையோட நாற்காலியில உக்காந்திருந்தா. கொதிக்கிற தண்ணி பக்கத்துல. நான் என்ன செய்யட்டும்?"

"நீ என்ன வேணாலும் செய். நீ உசுரோட இருக்கறவ, உனக்குக் கட இருக்கு, கண்ணாடி இருக்கு. அவனுக்கு என்ன இருந்துச்சு? உன் பேரத் தவிர ஒண்ணையும் அவன் கேக்கலியே! செத்தவன ரெண்டாந்தரம் பொதைச்சிட்ட, பொலும்பு."

போன் அறுந்தது. திரும்ப அடித்தாள், எடுக்கவில்லை. மறுபடியும் மறுபடியும் அடித்தாள். அன்று அல்ஃபோன்சின் பூசைக்குப் போகவில்லை.

அந்த வாரம் முழுக்க மரியாதைதான். தெருவில் போகிற பையன்கள் "அம்மா!" என்று கை தூக்கினார்கள். முகம் தெரியாத பெண்ணொருத்தி கடைக்குள் வந்து பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொண்டாள். கைப்பிடியில் கட்டிய கொடியை அவள் அவிழ்க்கவில்லை. அது நாட்டின் கொடி, அதன்மேல் அவளுக்குக் கோபமில்லை. ஆனால் கடை திறக்கிற ஒவ்வொரு காலையும் மேலே பலகையைப் பார்க்காமல் சாவியைப் போட்டாள். யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், திரும்புவதற்கு முன் ஒரு கணம் தயக்கம் வந்தது. அந்தத் தயக்கம்தான் அவளைத் தின்றது.

செவ்வாய்க்கிழமை ஜெரெமிக்கு ஆள் அனுப்பினாள். வந்தான். அக்காவைப் பற்றிக் கேட்டாள். இன்னும் சேதி இல்லை, செஞ்சிலுவைக்காரர்களிடம் பெயர் கொடுத்திருப்பதாகச் சொன்னான். தட்டில் மரவள்ளிக் கீரையும் சோறும் வைத்தாள். அவன் பிசைந்துகொண்டே இருந்தான், தின்னவில்லை.

"அந்தப் படத்த அழிச்சிரு," என்றாள்.

"அழிச்சாலும் பிரயோசனம் இல்ல அத்தே. லட்சம் பேருக்கு மேல பாத்துட்டாங்க. ஆளாளுக்கு எடுத்து வெச்சிருக்காங்க."

"அப்ப புதுசா ஒண்ணு எடு. நடந்தத நடந்தபடி சொல்றேன். உங்க மாமா பேரச் சொல்றேன்."

"வேணாம். சனிக்கிழமை திரும்ப ஊர்வலம் இருக்கு. நீங்க மாத்திப் பேசுனா அவ்வளவுதான். அப்புறம் என்னால காப்பாத்த முடியாது."

"போன சனிக்கிழமை நீ என்னய எங்கடா காப்பாத்துன?"

ஜெரெமி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். கையைக்கூடக் கழுவாமல் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான்.

வியாழக்கிழமை மெர்வேய் பஸ் உடுப்போடு வந்து படமெடுத்தாள். கண்ணாடிக்கு முன்னால், வெளிச்சம் நன்றாக விழுகிற நடு நாற்காலியில் அல்ஃபோன்சின் உட்கார்ந்தாள்.

"சிரிக்காத மாதிரி இரு."

"எனக்கு எங்கடி சிரிப்பு வருது?"

"அதான், அழுற மாதிரியும் இருக்காத. பஸ் பாஸ் படத்துக்கு உக்காருவியே, அப்படி இரு. ம், பேசு."

நான்கு நிமிடம் பேசினாள். காணாமல்போன பெட்டி, பதினோரு சூட்டு, தியூதொனேவின் விடுமுறை நாள், அவன் கேட்ட ஒரே ஒரு விஷயம், வேண்டாம் என்று சொன்ன அவனுடைய பெயர். "போன வாரம் பயத்துல பொய் சொன்னேன். பாட்டுல இருக்கறது நான்தான். முஹிண்டோவோட எனக்கு ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. கோமாவுல சாகறவங்க என் ஜனங்க. அவங்களுக்காக அழறதுக்கு நான் என் புருஷன இல்லேன்னு சொல்லணும்னு யாரும் கேக்கக் கூடாது." அவ்வளவுதான்.

லட்சம் பேர் பார்த்த படத்துக்குப் பதில் சொன்ன இந்தப் படத்தை வெள்ளிக்கிழமை மாலைவரை முந்நூற்றுச் சொச்சம் பேர் பார்த்திருந்தார்கள். அதிலும் பாதிப் பேர் திட்டினார்கள். 'பெட்டிக்கதை நல்லா இருக்கு, முஹிண்டோ எழுதிக் குடுத்தானா?' என்று ஒருவன் கேட்டிருந்தான்.

"இன்னிக்கி ஒரு நாள் லீவு விடுக்கா," என்று சனிக்கிழமை காலை மெர்வேய் போனில் கெஞ்சினாள்.

"நேரம் குடுத்த ஆளுக்கு என்ன பதில் சொல்றது?" என்றாள் அல்ஃபோன்சின். ஷட்டரை முழுக்கத் தூக்கினாள். சிக்கிக்கொள்கிற ஷட்டரைப் பாதியில் விட்டு என்ன லாபம்? அடுப்பில் தண்ணீர் மட்டும் வைக்கவில்லை. வாடிக்கைக்காரியின் நாற்காலியை உள்சுவரோடு ஒட்டிப் போட்டாள்.

மதியம் ஊர்வலம் வந்தது. இந்த முறை ஆயிரம் பேருக்கு மேல். ஒலிபெருக்கியோடு முன்னால் ஜெரெமி. கடைக்கு நேரே வந்தபோது அவன் ஒரு முறை உள்ளே பார்த்தான். அல்ஃபோன்சின் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவன் ஒலிபெருக்கியை இறக்கி, "இங்க நிக்காதீங்க, நடங்க, நடங்க!" என்று பின்னால் வந்தவர்களைத் தள்ளினான். சிலர் நின்றார்கள். ஒரு பெண் கண்ணாடியில் துப்பினாள். அந்தப் பெண்ணின் வயதே இருக்கிற இன்னொருத்தி தன் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்தாள். கூட்டம் நகர்ந்தது. முக்கால்வாசி போய்விட்டது.

அப்போதுதான் வால் பக்கத்திலிருந்து கல் வந்தது. யார் எறிந்தது என்று தெரியவில்லை. அவளுடைய முதல் படத்தைப் பார்த்தவனோ, இரண்டாவதைப் பார்த்தவனோ, எதையுமே பார்க்காமல் கையில் கல் இருந்ததால் எறிந்தவனோ. பெரிய கண்ணாடி மேலிருந்து கீழ்வரை ஒரு நொடி அப்படியே நின்று, பிறகு கொட்டியது. வாடிக்கைக்காரிக்கு ஒன்றும் ஆகவில்லை. அல்ஃபோன்சினுக்கு மணிக்கட்டில் ஒரு கீறல்.

அரை மணி கழித்து வந்த போலீஸ்காரர் சின்ன வயது. தலைக்கவசத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினார்.

"உங்கமேல யாருக்காவது பகை உண்டா?"

"பாட்டுல என் பேரு வருது, ஐயா."

"நீங்க பாடகியா?"

"இல்ல. தலை பின்றேன்."

அவர் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மெர்வேய் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு ஓடி வந்தாள். இருவருமாகச் சில்லுகளைக் கூட்டினார்கள். திறந்துகிடந்த முகப்பு வழியாகப் பிப்ரவரிக் குளிர் நேராக உள்ளே வந்தது. கருவாட்டுக் கடைக்காரர் இரண்டு பலகை கொண்டுவந்து வைத்துவிட்டு, ஆணி எடுக்கப் போனார். அல்ஃபோன்சினின் போன் அடித்தது. வெரோனிக்.

"ரெண்டாவதப் பாத்தேன்," என்றாள். ஆறு நாளைக்குப் பிறகு கேட்கிற குரல். "எம்பொண்ணு இப்பத்தான் காட்டுனா."

கண்ணாடி உடைந்ததைச் சொல்லலாமா என்று அல்ஃபோன்சின் யோசித்தாள். சொல்லவில்லை.

"எல்லாத்தையும் சொன்ன. மெமோ விஷயத்த மட்டும் ஏன் விட்டுட்ட?"

"என்ன மெமோ?"

மறுமுனையில் யாரோ உரல் இடிக்கிற ஓசை கேட்டது.

"உனக்குத் தெரியாதா?"

"என்ன மெமோக்கா?"

"அந்தப் பெட்டி விஷயந்தான். லீவு நாள்ல உள்ள போயி, கேக்காம கொள்ளாம ஒருத்தன் பெட்டிய வெளிய தூக்கிட்டு வந்தா சும்மா விடுவாங்களா? திருட்டுன்னு எழுதிட்டாங்க. எபாலே ஆளுங்க போயி எழுதிக் குடுத்த பெறகுதான் விட்டாங்க. அதுவரைக்கும் மூணு வாரம் வேல இல்ல."

அல்ஃபோன்சின் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். அது நழுவி விழுந்தது.

"அவரு தெனமும் காலையில யூனிஃபார்ம் மாட்டிட்டுக் கெளம்புனாரேக்கா. ஒரு நாள் விடாம கெளம்புனாரு. நான்தான் டிபன் கட்டிக் குடுத்தேன்."

"கெளம்புனான். போயி ரயில் ஸ்டேஷன்ல உக்காந்திருந்தான், சாயங்காலம் வரைக்கும். உன்கிட்டச் சொன்னா, பேரும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம், அந்தப் பாட்டே வேணாம்னு நீ போயி நிறுத்திருவியாம். அங்கருந்து போன் கார்டு போட்டு என்கிட்டத்தான் பேசுவான்."

"என்ன பேசுவாரு?"

மெர்வேய் முறத்தோடு நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அல்ஃபோன்சின் கையால் அவளை இருக்கச் சொல்லிவிட்டு, சில்லு உதறாத நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். ம்பண்டாக்காவில் வெரோனிக் யாரையோ இடிப்பதை நிறுத்தச் சொல்லி அதட்டினாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "மொத நாள் என்ன சொன்னான் தெரியுமா..." என்று ஆரம்பித்தாள்.